பிரித்தெடுத்தலா, சாறு இறக்குதலா? பசுமை வேதியியல் முறைகளும் தமிழ் வினைச்சொற்களும்

கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்களைப் பற்றியவை. தனிமங்கள், கருவிகள், நோய்கள், உறுப்புகள் ஆகியவற்றுக்குப் பெயரிடுவதே கலைச்சொல்லாக்கம் என்ற எண்ணம் அவற்றின் அடியில் உள்ளது. ஆய்வுக்கூடத்தில் நடப்பவையோ பெரும்பாலும் வினைகள். ஒரு பொருளை இடிக்கின்றனர், ஊறவைக்கின்றனர், காய்ச்சுகின்றனர், வடிக்கின்றனர், வற்றச் செய்கின்றனர். ஆங்கில அறிவியல் நடை இவ்வினைகள் அனைத்தையும் பெயராக்கி ஒரே சொல்லுக்குள் அடக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் அப்பெயருக்கு நிகராக ஒரு தமிழ்ப் பெயரைத் தேடுகிறார். பெயர் கிடைத்துவிடுகிறது, என்ன செய்தார்கள் என்ற செய்தி விடுபட்டுப் போகிறது.

உணவுப் பொருள்களிலிருந்து தாவரச் சேர்மங்களை எடுக்கும் முறைகளைக் கூறும் எழுத்துகளில் இந்த இழப்பு தெளிவாகத் தெரிகிறது. ‘எக்ஸ்ட்ராக்சன்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தமிழில் ‘பிரித்தெடுத்தல்’ என்று எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத முறைகள் என்று பேசப்படும்போது கேள்வி முழுவதும் எந்தக் கரைப்பானில், எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பற்றியது. அதற்கு விடை சொல்லாத கலைச்சொல்லால் பயன் குறைவு. தமிழின் பழைய வினைச்சொற்கள் அவ்விடையைச் சொல்லும் ஆற்றல் உடையவை என்பதையும், அவற்றைப் புதிய முறைகளுக்கு எந்த அளவு நீட்டிக்கலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெங்களூரு என்னும் களம்

இந்த ஆய்வுக்குப் பெங்களூரு பொருத்தமான களம். தாவரங்களிலிருந்து எண்ணெயும் சாரமும் எடுக்கும் தொழில் அந்நகரின் அறிவியல் வரலாற்றோடு தொடக்கத்திலிருந்தே பிணைந்துள்ளது. முதல் உலகப் போரின்போது மைசூர்ச் சமஸ்தானத்துச் சந்தனக் கட்டைகளின் ஐரோப்பிய ஏற்றுமதி தடைப்பட்டது. அதுவரை கட்டையாகவே கப்பலேறி வெளிநாட்டில் எண்ணெயாக மாறிய சந்தனத்தை உள்ளூரிலேயே வடிக்கும் வழியை இந்திய அறிவியல் நிறுவனத்தில் சட்பரோ, வாட்சன் ஆகிய வேதியியல் பேராசிரியர்கள் ஆராய்ந்தனர். அதன் விளைவாக 1916-இல் பெங்களூரில் அரசுச் சந்தன எண்ணெய் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்குப் பயன்பட்டது நீராவி. கரைப்பான் என்று எதுவும் சேர்க்கப்படவில்லை. இன்றைய அளவுகோலின்படி ஒரு வகையில் இதுவும் பசுமை முறையே. ஆனால் சந்தனத் தூளின் எண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. வடிப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் கொதிகலத்தை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரைப்பானால் வரும் கேடு இல்லையெனினும் எரிபொருளால் வரும் கேடு உண்டு. இந்த இருபக்கத் தன்மை பின்னரும் நினைவில் இருத்தற்குரியது.

அதே நிறுவனத்தின் வேதிப் பொறியியல் துறையில் கிரிதர் மத்ராஸ் குழுவினர், உயர் அழுத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடில் பல்வேறு திண்மங்கள் எவ்வளவு கரைகின்றன என்பதை அளந்து ஆய்வுரைகள் வெளியிட்டுள்ளனர். காப்பி வாரியத்தின் தலைமையகம் இந்நகரில் உள்ளது. பீன்யா தொழிற்பேட்டையில் மஞ்சள் முதலிய தாவரச் சாரங்களை ஆக்கும், முன்னர் சாமி லேப்ஸ் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் உள்ளது. இவற்றோடு, தமிழும் கன்னடமும் அன்றாடம் உரசிக்கொள்ளும் நகரம் என்பதும் மொழியியலாருக்கு ஒரு வசதி. ஒரு மொழியில் மங்கிய வேறுபாடு மற்றதில் தெளிவாகத் தெரிவதுண்டு.

டிகாக்‌ஷன் இறங்கும் வீடு

பெங்களூரிலும் தமிழகத்திலும் காப்பி குடிக்கும் வீடுகளில் ஒவ்வொரு நாளும் ஒரு தாவரச் சாறு எடுக்கும் செயல் நடைபெறுகிறது. இரண்டடுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் வடிகலத்தின் மேற்கலத்தில் காப்பித் தூளை இட்டு, மெல்ல அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடிவைக்கின்றனர். நீர் தூளின் ஊடே ஊர்ந்து, அடித்துளைகளின் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ்க்கலத்தில் சேர்கிறது. இந்த நீர்மத்துக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கும் பெயர் ‘டிகாக்‌ஷன்’.

மருந்தியலில் அச்சொல்லின் பொருள் வேறு. இலத்தீன் மூலத்தில் ‘கொதிக்கவைத்து வற்றச் செய்தல்’ என்ற கருத்துடைய அச்சொல், தாவரப் பொருளை நீரோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதைக் குறிக்கும். வடிகலத்திலோ தூள் கொதிப்பதே இல்லை. மருந்தியலார் இதனைப் ‘பெர்க்கொலேசன்’, அதாவது ஊடுசொட்டல், என்பர். ஆக இரவல் வாங்கிய சொல் தவறான செயல்முறையைச் சுட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவெனில், அதனுடன் சேர்ந்துவரும் தமிழ் வினை சரியாகவே அமைந்துள்ளது. ‘டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா?’ என்றுதான் கேட்கின்றனர். கொதித்தது என்றோ பிரிந்தது என்றோ எவரும் சொல்வதில்லை. பெயர் இரவல், வினை உடைமை. செயல்முறை பற்றிய உண்மை வினையில் தங்கியிருக்கிறது.

‘இறக்கு’ என்ற இவ்வினையின் பரப்பு பெரிது. கள் இறக்குகின்றனர், தைலம் இறக்குகின்றனர், சாராயம் இறக்குவதாகவும் சொல்கின்றனர். கன்னடத்தில் காய்ச்சி வடித்தலைப் ‘பட்டி இளிசு’ என்பர். ‘பட்டி’ என்பது உலை அல்லது வாலை; ‘இளிசு’ என்பதற்கு இறக்கு என்பதே பொருள். ஆவியாகி மேலே சென்றது குளிர்ந்து கீழே வருவதையும், நீரோடு சேர்ந்து கீழே சொட்டுவதையும் இரு மொழிகளும் ‘இறக்கம்’ என்ற ஒரே படிமத்தில் காண்கின்றன.

பழைய வினைகளின் வரிசை

தமிழ் மருத்துவமும் அடுக்களையும் சேர்ந்து தந்திருக்கும் வினைகளை ஒருசேர நோக்கினால் அவை தற்செயலான தொகுதியாகத் தோன்றவில்லை. ‘பிழி’ என்பதில் கரைப்பான் இல்லை, வெப்பமும் இல்லை. கை அல்லது கருவியின் அழுத்தம் மட்டுமே உண்டு. ‘ஆட்டு’ என்பதில் செக்கின் சுழற்சி உண்டு. ‘ஊறவை’ என்பதில் கரைப்பானும் காலமும் உண்டு, வெப்பம் இல்லை. ‘காய்ச்சு’ என்பதில் வெப்பம் வந்துவிடுகிறது. ‘வற்றக் காய்ச்சு’ என்பதில் செறிவாக்கமும் சேர்கிறது. ‘வடி’ திண்மத்தை நீர்மத்திலிருந்து விலக்குகிறது. ‘இறு’ தெளிந்த நீர்மத்தை மட்டும் சாய்த்து எடுக்கிறது. பாடநூல்களில் வழங்கும் ‘தெளியவைத்து இறுத்தல்’ என்ற தொடரில் இந்த நுட்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சித்த மருத்துவ நூல்கள் கூறும் 32 வகை அகமருந்துகளில் சுரசம், சாறு, குடிநீர், தேனூறல், தீநீர் ஆகியவை இடம்பெறுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு செயல்முறையின் பெயர். பச்சிலையை இடித்துப் பிழிவது சாறு. சரக்குகளை நீரிலிட்டு எட்டொன்றாய் வற்றக் காய்ச்சுவது குடிநீர். தேனில் ஊறப்போடுவது தேனூறல். வாலையில் வடிப்பது தீநீர். குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், என்று வரையறுத்திருப்பதும் கருதத்தக்கது. பெயரைச் சொன்னாலே கரைப்பான், வெப்பம், செறிவு, கெடாதிருக்கும் காலம் ஆகிய நான்கும் தெரிந்துவிடும் அமைப்பு இது. இன்றைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பப்படும் செய்திகள் இவையே.

இச்சொற்களில் சில இன்று பொருள் மாறிவிட்டன. ‘குடிநீர்’ நகராட்சிக் குழாயில் வரும் நீராகிவிட்டது. நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்று அடையோடு வரும்போதுதான் பழைய பொருள் வெளிப்படுகிறது. ‘சத்து’ ஊட்டப்பொருளாகிவிட்டது. ‘சாறு’ என்பதோ கரும்புச் சாறு, எலுமிச்சைச் சாறு என்று பிழிவுக்கே உரியதாகச் சுருங்கி வருகிறது. வைணவ வழக்கின் ‘சாற்றமுது’ என்ற சொல்லில், புளியும் மிளகும் பருப்பு நீரும் கூடிக் கொதித்த நீர்மமும் சாறே. கன்னடத்தில் மிளகு நீருக்கு இன்றும் ‘சாரு’ என்றே பெயர். அங்கு றகர ரகர வேறுபாடு இல்லாமையால் வடமொழிச் ‘சார’மும் இதுவும் ஒலியில் நெருங்கிவிடுகின்றன. தமிழில் எழுத்து வேறுபாடு காக்கப்பட்டிருப்பதால், ‘சாறு’ கரைப்பானோடு கூடிய நீர்மத்தையும் ‘சாரம்’ கரைப்பானை நீக்கியபின் எஞ்சும் செறிந்த பொருளையும் குறிக்கும்படி வரையறுத்துக்கொள்ள இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை.

மூன்று செயல்களுக்கு ஒரு சொல்

தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் கரைப்பானைக் கொண்டு ஒரு பொருளைக் கரைத்தெடுக்கும் செயலுக்குச் ‘சாறு இறக்குதல்’ என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. ‘பிரித்தெடுத்தல்’ தாதுவிலிருந்து உலோகத்தை எடுப்பதற்கு வழங்கியது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘பிரித்தெடுப்பு’ கரைப்பான் முறைக்கும் ஆளப்படுகிறது. காலப்போக்கில் தமிழகத்திலும் ‘சாறு இறக்குதல்’ பின்தள்ளப்பட்டது. அது நாட்டுப்புறத் தன்மையுடையதாகத் தோன்றியதும், சாராயத்தை நினைவூட்டியதும் காரணங்களாகலாம். இது வருந்தத்தக்க மாற்றம்.

காரணம் பின்வருமாறு. தாவரப் பொருளைக் கரைப்பானில் இட்டால் அதில் கரையக்கூடிய பல சேர்மங்கள் ஒன்றாக வெளிவருகின்றன. இது முதற்செயல். அக்கலவையிலிருந்து ஒரு சேர்மத்தை மட்டும் தனியாக்குவது இரண்டாவது. வேண்டாத ஒன்றை வெளியேற்றி எஞ்சியதைப் பயன்படுத்துவது மூன்றாவது. இம்மூன்றும் ‘பிரித்தெடுத்தல்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும்போது, நீரில் கொதித்த மஞ்சளும் 95 விழுக்காடு தூய்மையான குர்க்குமினும் ஒரே வகைப் பொருளாகத் தோன்றும்.

காப்பியே இதற்கும் சான்று தருகிறது. 1819-இல் ருங்கே என்ற ஜெர்மானிய வேதியியலார் காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைத் தனியாக்கினார். இது இரண்டாம் செயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெமன் நகரத்து ரோசேலியுஸ், கொட்டையிலிருந்து காஃபீனை அகற்றிவிட்டு எஞ்சிய கொட்டையை விற்றார். இது மூன்றாம் செயல். அவர் பயன்படுத்திய கரைப்பான் பென்சீன். புற்றுநோய் விளைவிப்பது எனப் பின்னர் அறியப்பட்டது. 1960-களில் மியூல்ஹைம் நகரில் குர்ட் சோசெல், கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வழியைக் கண்டார். வேதியியல் நோக்கில் மூன்றும் ஒரே செயலின் வடிவங்கள். தமிழ் நோக்கில், எடுத்தது வேண்டுமா எஞ்சியது வேண்டுமா என்பதைப் பொறுத்து ‘எடு’ என்றோ ‘நீக்கு’ என்றோ வினை மாறும். ‘காஃபீன் நீக்கிய காப்பி’ என்பது இயல்பாக அமைகிறது. ‘காஃபீன் பிரித்தெடுக்கப்பட்ட காப்பி’ என்பதைப் படிப்பவர் ஒரு கணம் தயங்குவார்.

கேடு எங்கே நேர்கிறது

உணவு ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் கோலோச்சிய கருவி சாக்ஸ்லெட்டுடையது. 1879-இல் பாலின் கொழுப்பை அளக்க அமைக்கப்பட்ட அக்கருவியில், கொதித்து ஆவியான கரைப்பான் குளிர்ந்து உணவுப் பொருளின்மீது சொட்டி, நிறைந்து, வழிந்து, மீண்டும் கொதிகலத்துக்குத் திரும்பும். இவ்வாறு பல மணி நேரம் சுழலும். ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இதில் பெருமளவு செலவாகின்றன. ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது; அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பவரின் புற நரம்புகள் கெடும். சில கிராம் உணவில் உள்ள சேர்மத்தை அளக்க அதைப்போல் பலமடங்கு கரைப்பானைக் கழிவாக்குவது நெடுநாள் எவர்க்கும் உறுத்தவில்லை.

‘உணவு மாதிரி’ என்ற தொடரைப் பற்றியும் ஒரு சொல். ‘மாதிரி’ என்பது ஆய்வுக்கு எடுத்த சிறு கூறு, பின்பற்றத்தக்க வடிவம், ‘போன்ற’ என மூன்று பொருள் தரும். ‘மஞ்சள் மாதிரி’ என்பதைப் படிப்பவர் மஞ்சளைப் போன்ற வேறொன்று என்றும் கொள்ள இயலும். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழியில் உள்ள ‘பதம்’ என்னும் சொல்லை இதற்கு மீட்கலாம் என்று தோன்றினாலும், அது இன்று பக்குவத்தையே முதன்மையாகச் சுட்டுவதால் பயன்படாது. ‘மாதிரிக்கூறு’ என்பது சற்று நீளமெனினும் குழப்பம் தராது.

புதிய முறைகளும் அவற்றின் பெயர்களும்

1998-இல் அனஸ்டாஸ், வார்னர் ஆகியோர் பசுமை வேதியியலின் 12 நெறிகளை வகுத்தனர். அவற்றுள் ஐந்தாவது தீங்கற்ற கரைப்பானைப் பற்றியது; ஆறாவது ஆற்றல் சிக்கனம் பற்றியது. 2012-இல் பிரான்சின் செமா முதலியோர் தாவரப் பொருள்களுக்கென ஆறு நெறிகளைத் தனியே தொகுத்தனர். இவற்றின் வழியில் வளர்ந்த முறைகள் சிலவற்றின் பெயர்கள் மட்டும் இங்கு நோக்கப்படுகின்றன.

மீயொலி முறையில் நீர்மத்துள் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அவ்வதிர்ச்சியில் தாவரச் செல்லின் சுவர் பிளந்து உள்ளிருப்பது வெளிவருகிறது. உரலில் இடிப்பதன் வேலையை ஒலி செய்கிறது எனலாம். 1986-இல் ஹங்கேரியின் கன்சுலர் முதலியோர் ஆய்வுக்கூறுகளுக்குக் கையாண்ட நுண்ணலை முறையில், வெப்பம் வெளியிலிருந்து மெல்லப் பரவாமல் பொருளுள் இருக்கும் நீரிலேயே எழுகிறது. இவ்விரண்டிலும் பல மணி நேர வேலை நிமிடங்களில் முடிகிறது. பெயரிடுவதில் இடர்ப்பாடு இல்லை. ‘மீயொலியால் சாறு இறக்குதல்’, ‘நுண்ணலையால் சாறு இறக்குதல்’ என மூன்றாம் வேற்றுமை உருபு போதும்.

நீரையே உயர் அழுத்தத்தில் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும் முறை இதனினும் சுவையானது. நீரின் மின்காப்பு மாறிலி 25 பாகையில் ஏறத்தாழ 78. 250 பாகையில் அது 27 அளவுக்கு இறங்கி, மெத்தனால், எத்தனால் ஆகியவற்றின் இயல்பை நெருங்குகிறது. சாதாரண நீரில் கரையாதவை அதில் கரைகின்றன. இதனைக் ‘கொதிநீர் முறை’ என்று மொழிபெயர்ப்பது பிழை. அழுத்தத்தின் காரணமாக அந்நீர் கொதிப்பதே இல்லை. ‘அழுத்த வெந்நீர்’ என்பது பொருந்தும்.

கார்பன் டை ஆக்சைடு 31.1 பாகை செல்சியசுக்கும் 73.8 பார் அழுத்தத்துக்கும் மேற்பட்டால் வளிமமாகவும் நீர்மமாகவும் இல்லாத ஒரு நிலையை அடைகிறது. வளிமம்போல் ஊடுருவும், நீர்மம்போல் கரைக்கும், அழுத்தத்தைக் குறைத்தால் தடமின்றிப் பறந்துவிடும். தமிழகப் பாடநூல்களின் ‘நிலைமாறு வெப்பநிலை’யும் இலங்கையின் ‘அவதி வெப்பநிலை’யும் ஒரே கருத்தின் இரு பெயர்கள். ‘அவதி’ எல்லை என்ற பொருளுடைய நல்ல சொல்லாயினும், தமிழகத்தில் அது துன்பத்தையே குறிக்கும். எல்லை கடந்த நிலையை ‘மீநிலைமாறு’ என்பதினும் ‘எல்லைமீறிய’ என்பது எளிமை. ஆனால் அதில் ஒழுக்கக்கேட்டின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. ‘எல்லை கடந்த’ என்பதே நன்று. இம்முறையில் ஒரு நுட்பமும் உண்டு. மஞ்சளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு மட்டும் தனியே இறக்கினால் பெரிதும் வருவது மணமுள்ள எண்ணெய். நிறமுள்ள குர்க்குமின் மிகக் குறைவாகவே வரும். எத்தனால் சிறிது சேர்த்தால் நிலை மாறும். கரைப்பான் மாறினால் கிடைக்கும் பொருளும் மாறும் என்பதால், முறையின் பெயரை ஒதுக்கிவிட்டு ‘மஞ்சள் சாரம்’ என்று மட்டும் எழுதுவது பொருளையே மாற்றிக் கூறுவதாகும்.

மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் சோதிப்பது அண்மைக்காலக் கரைப்பான் ஒன்று. இரு திண்மங்களைக் குறிப்பிட்ட அளவில் கலந்தால், கலவை தனித்தனி உருகுநிலைகளுக்கு மிகக் கீழே உருகும். 1884-இல் கத்ரி இதற்கு ‘எளிதில் உருகுவது’ என்ற கிரேக்கப் பொருளில் ‘யூடெக்டிக்’ என்று பெயரிட்டார். 2003-இல் ஆபட் குழுவினர், 302 பாகையில் உருகும் கோலின் குளோரைடையும் 133 பாகையில் உருகும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சேர்த்து, 12 பாகையிலேயே நீர்மமாகும் கலவையைக் காட்டினர். இதற்கு வந்த ஆங்கிலப் பெயரின் முன்னொட்டு ‘ஆழ்ந்த’ எனப் பொருள்படும். ஆழ்வது எது என்று கேட்காமல் ‘ஆழ்கரைப்பான்’ என்று எழுதினால் ஆழ்கடல் நினைவுக்கு வரும். வரைபடத்தில் உருகுநிலைக் கோடு ஆழமாகச் சரிவதையே அச்சொல் சுட்டுகிறது. ஆகவே ‘தாழுருகு கரைப்பான்’ என்பது கருத்தைக் காக்கும்.

2011-இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துச் சோய், வெர்பூர்ட்டே முதலியோர் சர்க்கரைகள், கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள் போன்ற செல்லின் இயல்பான பொருள்களே இத்தகைய கலவைகளாகும் என்று காட்டினர். சர்க்கரைகளும் சிறிதளவு நீரும் சேர்ந்த பாகு ஒன்று தாவரச் சேர்மத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது என்ற செய்தி, தேனூறல் என்ற சொல்லை அறிந்தவருக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. தேனும் பெரும்பாலும் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் ஆகிய சர்க்கரைகளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான நீரும் கொண்டதே. இரண்டும் ஒன்று என்று சொல்வது மிகை. சித்தர் அன்றே அறிந்திருந்தார் என்று முழங்குவதற்கும் இதில் இடமில்லை. வாசகருக்குப் புதியதை விளக்கப் பழைய சொல் ஒரு படியாகப் பயன்படும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது தகும்.

பசுமை, பச்சை, ஹசி

‘பசுமை வேதியியல்’ என்ற தொடர் இருநாட்டுத் தமிழிலும் வேரூன்றிவிட்டது; அதை மாற்ற முயல்வது வீண். ஆனால் தாவரப் பொருளைப் பற்றிய எழுத்தில் அது தனிச் சிக்கல் தருகிறது. ‘பசுமைச் சாறு’ என்றால் பச்சிலையின் சாறா, பசுமை முறையில் இறக்கிய சாறா? மேலும், தமிழில் ‘பச்சை’ நிறத்தை மட்டுமன்றிச் சமைக்காத, காய்ச்சாத நிலையையும் குறிக்கிறது: பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சைப் பால். கன்னடம் இவ்விரண்டையும் பிரித்து, நிறத்துக்கு ‘ஹசிரு’ என்றும் சமைக்காத நிலைக்கு ‘ஹசி’ என்றும் சொல்கிறது. முதலெழுத்தான பகரம் ஹகரமான அதே பசுமை வேர். தமிழ் வாசகரின் மனத்தில் ‘பசுமை முறை’ என்பது ‘வெப்பம் படாத முறை’ என்று பதியக்கூடும். நுண்ணலையும் 200 பாகை வெந்நீரும் பசுமை முறைகள் என்று கேட்கும்போது அவர் திகைப்பதில் வியப்பில்லை.

தரவேறுபாடு மற்றொரு சிக்கல். ஆய்வாளர்கள் பசுமையை அளவுள்ள ஒன்றாகக் கொள்கின்றனர். 2020-இல் வெளியான ‘அக்ரீ’ என்ற மதிப்பீட்டு முறை, ஓர் ஆய்வுமுறைக்கு 12 நெறிகளின்படி 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. சந்தன ஆலையின் நீராவியில் கண்ட இருபக்கத் தன்மை இங்கு எண்ணாகிறது. கரைப்பானில் பெற்றதை மின்செலவில் இழக்கலாம். கார்பன் டை ஆக்சைடை அழுத்தும் எந்திரம் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் கணக்கு வேறாகும். ‘மேலும் பசுமையான முறை’ என்று தமிழில் எழுதினால் செடியின் நிறம் கூடியதுபோல் ஒலிக்கிறது. ஒப்பீடு தேவைப்படும் இடங்களில் ‘ஊறு குறைந்த முறை’ என்று எதிர்நிலையிலிருந்து கூறுவதே தெளிவு.

சிட்டையும் தொடரும்

இவ்வேறுபாடுகள் அறிஞருக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்க இயலாது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு உணவுச் சிட்டை விதிகளின்படி கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆகவே தமிழில் வருவது விருப்பத்தின்பாற்பட்டது. பெரும்பாலும் விளம்பரத்தின் பகுதி. ‘இயற்கைச் சாரம்’ என்று அங்கு அச்சிடும்போது, நீரில் இறக்கியதா, எத்தனாலிலா, அசிட்டோனிலா என்பது தமிழ் மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. நீரில் அநேகமாகக் கரையாத குர்க்குமினுக்கு இக்கேள்வி சிறியதன்று. செக்கெண்ணெய் இதற்கு நேர்மாறான சான்று. ‘செக்கில் ஆட்டியது’ என்ற இரண்டு சொற்களுக்காகக் கூடுதல் விலை கொடுப்போர் பெங்களூரிலும் சென்னையிலும் பலர். அவர்கள் விலை கொடுப்பது ஒரு வினைச்சொல் தரும் செய்திக்கு.

ஆய்வுரைகளில் வரும் தொடரமைப்பையும் நோக்க வேண்டும். வழக்கமான மொழிபெயர்ப்பு இவ்வாறு அமையும்: ‘மஞ்சள் மாதிரியிலிருந்து பசுமைப் பிரித்தெடுத்தல் மூலம் குர்க்குமின் பிரித்தெடுக்கப்பட்டது.’ ஒரே வேர் இருமுறை வந்தும் செய்தி ஏதும் இல்லை. இதனை வினையெச்ச அடுக்காக மாற்றலாம்: ‘5 கிராம் மஞ்சள் தூளை எத்தனாலில் ஊறவைத்து, 20 நிமிடம் மீயொலி செலுத்திச் சாறு இறக்கி, வடிகட்டி, எத்தனாலை நீக்கிச் சாரமாக்கி, அதிலிருந்து குர்க்குமினைத் தனியே பிரித்தனர்.’ செயல்கள் நிகழ்ந்த வரிசையிலேயே வினையெச்சங்கள் நிற்கின்றன. சித்த மருத்துவக் குறிப்புகளின் அமைப்பும் இதுவே.

இங்கு ஓர் இலக்கணத் தடை உண்டு. ஊறவைத்தல் முதலிய எச்சங்களுக்கு எழுவாய் ஆய்வாளர். இறுதியில் ‘பிரிக்கப்பட்டது’ என்று முடித்தால் எழுவாய் குர்க்குமினாகிவிடும். எச்சங்கள் தம் முடிக்கும் வினையோடு வினைமுதல் ஒன்றாமல் தொங்கும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையை அப்படியே கொண்டுவர விரும்பும் மொழிபெயர்ப்பாளர், இத்தடையைத் தவிர்க்கவே எச்சங்களை விட்டுப் பெயர்களிடம் சரணடைகிறார் என்று கருத இடமுண்டு. ‘பிரித்தனர்’ என்ற செய்வினையோ ‘பிரிக்க’ என்ற வியங்கோளோ கொண்டு முடித்தால் தடை நீங்கும். ஆய்வாளரின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குத் தமிழில் ‘படு’ துணைவினை கட்டாயமன்று. எழுவாய் தோன்றாமலே செய்வினைத் தொடர் அமையும்.

இரண்டாம் தொடர் நீளமானது என்பது உண்மை. ஆய்விதழில் அதற்கு இடமிருக்கிறது. சிட்டையில் இரண்டு சொற்களுக்கே இடமுண்டெனில் ‘எத்தனாலில் இறக்கியது’ என்று எழுதலாம். ‘செக்கில் ஆட்டியது’ என்பதைவிட அது அதிக இடத்தை அடைப்பதில்லை.